டயாலிசிஸும் என் விசுவாசமும்: சுகமாகாத ஒருத்தியின் சாட்சி

கிட்னி வேலை செய்யாமல் மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்கிற, அதாவது டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மற்ற நாட்களைவிடக் கடினமாக இருக்கும். எனக்கு அது திங்கட்கிழமை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் படுக்கிறேன். சனிக்கிழமை முடித்தால் அடுத்தது செவ்வாய்தான், நடுவில் இரண்டு முழு நாள் உடம்பில் சேருகிற தண்ணீர் வெளியேற வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடிவிட்டு, எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டு வருவேன். திங்கள் சாயங்காலம் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். ராத்திரி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு எப்போது விடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் சபைகளில் சாட்சி என்றால் அது எப்படி முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். டாக்டர்கள் கைவிட்டார்கள், ஜெபித்தோம், அடுத்த ஸ்கேனில் ஒன்றுமே இல்லை, அல்லேலூயா. அப்படி நடந்தவர்களுக்காக நானும் மனசார ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் ஒரு சபையில் பத்துப் பேர் நோயாக இருந்தால் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்கிறவர் சுகமானவர் மட்டும்தான். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து, நமக்குத்தான் விசுவாசம் போதவில்லையோ என்று உள்ளுக்குள்ளேயே குமைந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கிட்னி சரியாகவில்லை. மெஷின் இன்னும் இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் என்னோடு இருந்தார் என்று சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, அது போக இந்த வியாதிக்காரர்களுக்கு நடைமுறையில் பயன்படுகிற விஷயங்களும் கொஞ்சம் இருக்கின்றன.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ரத்தக்கொதிப்பு பல வருஷமாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் சாப்பாடு பிடிக்காமல், வாயெல்லாம் ஒரு மாதிரி வாடை அடித்து, முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ரத்தத்தில் காட்டுகிற கிரியேட்டினின் 9-ஐத் தாண்டியிருந்தது. அன்றைக்கு ராத்திரியே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு இடது கையில் பிஸ்டுலா ஆபரேஷன், அதாவது மெஷின் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது. அந்தக் கதையை நீட்டவில்லை, இதில் இருக்கிற எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான்.

முதலில் வந்தது நோயைவிட மனிதர்களின் கேள்விகள். "யார் சாபமோ", "முன்னோர் பாவம் ஏதாவது அறிக்கையிட வேண்டியிருக்கோ" என்று நெருங்கின சொந்தமே கேட்டது. யோபுவுக்கும் இப்படிப் பாவத்தைத் தேடின மூன்று நண்பர்கள் இருந்தார்கள் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்வார். எனக்கு உதவியது யோவான் 9-ஆம் அதிகாரம். பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், யார் செய்த பாவம் என்று. "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் நேராகவே பதில் சொல்லிவிட்டார். யாராவது அந்தக் கேள்வியை எடுத்தால் நான் இந்த வசனத்தை மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், வாதாடிச் சக்தியை வீணாக்காதீர்கள்.

அப்புறம் தாகம்.

டயாலிசிஸில் ஊசியைவிடப் பெரிய பாடு இதுதான் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒரு நாளைக்கு வெளியேறுகிற சிறுநீரின் அளவு, அதோடு அரை லிட்டர், அவ்வளவுதான் உள்ளே போகலாம் என்பது. ஆளுக்கு ஆள் டாக்டர் கூட்டிக் குறைத்துச் சொல்வார். எனக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றேவிட்டது. அப்படியென்றால் காப்பி, ரசம், மோர், கஞ்சி, மாத்திரை போடுகிற தண்ணீர் எல்லாம் சேர்த்து அரை லிட்டர் சொச்சம். திருநெல்வேலி வெயிலில். இதில் ஒரு விஷயம் என்னை முதலில் ரொம்ப உறுத்தியது: மெஷினில் நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் சுத்திகரித்த திரவம் ஓடுகிறது, நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். என் தலைமாட்டில் 120 லிட்டர் தண்ணீர் ஓடிச் சாக்கடைக்குப் போகும், நான் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொருவராகத் தியானிப்பார்கள், உங்களுக்கே தெரியும். வெளியே ஏப்ரல் வெயில், உள்ளே மின்விசிறிக் காற்றே அனலாக வீசியது, பக்கத்தில் இருந்த அக்கா ஒரு பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு மூடியைத் திருகினார்கள். அந்தச் சமயத்தில்தான் ஐந்தாம் வார்த்தை வந்தது. "தாகமாயிருக்கிறேன்." சிறுபிள்ளையிலிருந்து வருஷம் தவறாமல் கேட்ட வார்த்தை. அதுவரைக்கும் அது ஆத்தும தாகம், நம்மேல் உள்ள தாகம் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன், அதுவும் சரிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தொண்டைத் தாகமாகவே கேட்டது. ரத்தம் போன உடம்பு, வெயில், நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும் அந்த நிலை எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்.

இன்னொன்றும் அன்றைக்குப் பட்டது. அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடவில்லை. தமக்கு ஆணி அடித்தவர்கள் நின்ற இடத்தில், தேவகுமாரன், எனக்குத் தாகமாக இருக்கிறது என்று சொன்னார். கிடைத்தது காடிதான், ஆனாலும் கேட்டார். நோயில் வாய் திறந்து கஷ்டத்தைச் சொன்னால் அது முறுமுறுப்பு, அவிசுவாசம் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். எனக்கு அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை, மெஷினில் நேரடியாக உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டயாலிசிஸ் நடக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும். அதற்கு முன்னால் சில அறிகுறி வரும்: கொட்டாவி, காது அடைப்பது போல, வியர்வை, வயிற்றைப் புரட்டுவது. அந்த நிமிஷமே சிஸ்டரைக் கூப்பிட்டால் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, தண்ணீர் இழுக்கிற வேகத்தைக் குறைத்துச் சரிசெய்துவிடுவார்கள். நம் பெண்கள் "அவங்க வேலையா இருக்காங்க, எதுக்குத் தொந்தரவு" என்று பேசாமல் கிடப்பார்கள், கிடந்து மயங்கிப்போவார்கள். காலில் தசை இழுத்துப் பிடித்தாலும் அப்படித்தான். சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் மெஷினுக்குத் தெரியாது.

தாகத்தைச் சமாளிக்க நான் செய்கிறவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவை அளந்து வைத்துவிடுவேன், எது குடித்தாலும் அந்த அளவுக்கு அதிலிருந்து ஊற்றிவிடுவேன், மிச்சம் கண்ணுக்குத் தெரியும். பெரிய டம்ளரைத் தூக்கி வைத்துவிட்டுச் சின்ன டம்ளர். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டால் அதே அளவுத் தண்ணீரைவிட ரொம்ப நேரம் தாங்கும், ஆனால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாய் கொப்பளித்துத் துப்பலாம். நுங்கும் தர்பூசணியும் பழம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் தண்ணீர்தான். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். எனக்கு இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்க யாராலும் முடியாது, தாகம் உப்பின் பின்னாலேயே வரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் எங்கள் வீட்டு மேஜையில் நிரந்தரமாக இருந்தவை.

அவற்றை விட்டுவிட எனக்கு உதவியது ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து என்ற நாற்பது நாள் தபசு காலம். டயாலிசிஸ் நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது, உடம்பு ஏற்கெனவே புரதம் இழந்துகொண்டிருக்கிறது, முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். எல்லாரும் உபவாசம் இருக்கும் நாளில் நான் மட்டும் சாப்பிடுவது எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்போது எங்கள் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், சொன்னார், "டீச்சர், நீங்க உப்பை உபவாசம் பண்ணுங்க. அந்த நாற்பது நாளும் ஊறுகாயை ஆண்டவருக்குக் கொடுங்க." சாதாரணமாகச் சொன்னதுதான், ஆனால் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. டாக்டர் தடுத்ததால் சாப்பிடாமல் இருப்பது ஒரு மாதிரி, ஆண்டவருக்கென்று விட்டுக்கொடுப்பது வேறு மாதிரி. நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான், மனசுக்கு ஒன்றில்லை. ஈஸ்டர் வந்தபோது ஊறுகாய் ஆசையே பாதி போயிருந்தது. அதே போலத் தண்ணீரையும் தினமும் காலையில் அளக்கும்போது, இன்றைக்கு இதுதான் ஆண்டவரே, இதற்குள் என்னை நடத்தும் என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஊற்றுகிறேன்.

பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று இருக்கிறது. இன்று என்றுதான் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்ற ஆகாரமும் அப்படித்தான், மறுநாளைக்கு எடுத்து வைத்தால் புழுத்தது. ஆரம்பத்தில் நான் இனி வாழ்நாள் முழுக்க வாரம் மூன்று தடவையா என்று கணக்குப் போட்டுப் போட்டு அழுவேன். மொத்தக் கணக்கைத் தாங்க யாருக்கும் பெலன் கொடுக்கப்படவில்லை. உபாகமம் 33-இல் மோசே ஆசேருக்குச் சொல்கிற ஆசீர்வாதம் ஒன்று உண்டு: "உன் நாட்களுக்குத்தக்கதாய் உன் பெலனும் இருக்கும்." நான் அதை என் டயாலிசிஸ் பைலின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பெலன் செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.

ஊசி குத்துகிற நேரத்துக்கு எனக்கு 121-ஆம் சங்கீதம். பிஸ்டுலாவில் இரண்டு ஊசி, ஒன்று ரத்தத்தை எடுக்க, ஒன்று திருப்பி அனுப்ப. சாதாரண ஊசியைவிடத் தடிமனானவை. டெக்னீஷியன் தம்பி பஞ்சால் துடைக்க ஆரம்பிக்கும்போதே நானும் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று உள்ளுக்குள் ஆரம்பிப்பேன். எட்டே வசனம். "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்ற இடத்துக்கு வரும்போது பெரும்பாலும் முதல் ஊசி உள்ளே போயிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் கை விறைத்து வலி கூடும், மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தை மெதுவாகச் சொன்னால் மூச்சு தானாகவே சீராகிவிடும். சங்கீதங்களைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்யவைத்த ஞாயிறு பள்ளி டீச்சர்களை அந்த நேரங்களில் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன், படுத்த வாக்கில் ஒரு கையை அசைக்க முடியாமல் புத்தகம் பிரிக்க முடியாது, உள்ளே இருப்பதுதான் வரும்.

பிஸ்டுலா பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் இது நம் உயிர்நாடி. தினமும் காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் மறு கை விரல்களை வையுங்கள், பூனை உறுமுவது போல ஒரு அதிர்வு இருக்கும். அது இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம், சீக்கிரம் போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்தக் கையில் பிபி பார்க்க விடாதீர்கள், ரத்தம் எடுக்க விடாதீர்கள், இறுக்கமான வளையல் வேண்டாம், அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டாம், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். நான் எழுந்தவுடன் அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்துத்தான் காலை ஜெபத்தை ஆரம்பிக்கிறேன்.

இப்போது கொஞ்சம் கோபமாக ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "இனிமேல் மெஷினுக்குப் போகாதே மகளே, போனால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம்" என்றார். நான் வியாழக்கிழமை வழக்கம்போல மெஷினுக்குப் போனேன். ஆனால் எங்கள் வார்டில் இருந்த ஒரு அண்ணன் இதே மாதிரி ஒரு பேச்சைக் கேட்டு இரண்டு டயாலிசிஸை விட்டுவிட்டார். நுரையீரலில் தண்ணீர் கோத்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், உதடு நீலமாக ராத்திரியில் கொண்டுவந்தார்கள். கர்த்தர் கிருபையால் பிழைத்தார். தண்ணீர் மட்டுமில்லை, பொட்டாசியம் ஏறினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயம் நின்றுபோகலாம். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் எசேக்கியா ராஜாவைக் காட்டுவேன். சாகப்போகிறாய் என்று ஏசாயா சொன்னபிறகு அவர் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார், கர்த்தர் கேட்டு ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுக்கிறார். அப்படி வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா என்ன சொல்கிறார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். ஜெபமும் கேட்கப்பட்டது, பற்றும் போடப்பட்டது. லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார், வைத்தியத்தை விட்டுவிட்டு வந்தவன் என்று எழுதவில்லை.

அறிவியல் டீச்சர் என்பதால் இந்த மெஷினின் கதையையும் தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், 1943-இல், நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்த காலத்தில், சாசேஜுக்கு உறையாகப் பயன்படுகிற செல்லோபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி முதல் செயற்கைக் கிட்னியைச் செய்திருக்கிறார். ஆரம்பத்தில் அதில் வைத்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை, 1945-இல் ஒரு 67 வயதுப் பெண் கண்விழித்தார். கையில் பிஸ்டுலா செய்யும் முறை 1966-இல்தான் மருத்துவ இதழில் வெளியானது, அதற்கு முன்னால் என் மாதிரி வருஷக்கணக்கில் ஓட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. இதையெல்லாம் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஜெபிக்கத் தெரியாத குழந்தையாக இருந்த காலத்துக்கும் முன்னாலேயே என் ஜெபத்துக்குப் பதில் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த மெஷினை விசுவாசத்துக்கு எதிரி என்று எப்படிச் சொல்வது?

பவுலுக்கும் மாம்சத்தில் ஒரு முள், நீங்காத ஒரு பாடு, இருந்தது, மூன்று தரம் வேண்டிக்கொண்டார், எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எந்த ஊழியக்காரரும் சொல்லமாட்டார்.

ஜெபமே வராத மாதங்களும் எனக்கு உண்டு. டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பைப் பிழிந்து போட்டது போல இருக்கும், அடுத்த நாள் கொஞ்சம் தேறும், அதற்குள் மறுபடியும் போக வேண்டும். இப்படியே ஓடி ஒரு கட்டத்தில் எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டது. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரியும். அப்போது 88-ஆம் சங்கீதம் கையில் கிடைத்தது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்காவது துதியில் வந்து முடியும். இது அப்படித் திரும்பவே இல்லை, நண்பர்கள் தூரப்போனார்கள் என்ற இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது எனக்கு இடம் கிடைத்த மாதிரி இருந்தது. பல வாரங்கள் அதை மட்டும் வாசித்து ஆமென் சொல்லிவிட்டுப் படுத்தேன், அது என் ஜெபமாக இருந்தது. அதோடு நிற்காமல் கிட்னி டாக்டரிடமும் சொன்னேன், அவர் மனநல மருத்துவரிடம் அனுப்பினார், பேசினேன், மாத்திரையும் கொஞ்ச காலம் எடுத்தேன். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மனச்சோர்வு வருவது ரொம்பச் சாதாரணம். மனசுக்கு வைத்தியம் பார்த்தால் விசுவாசம் போய்விடாது.

அந்த நாட்களில் என்னைத் தூக்கிப் போனது சபைதான். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது, படுத்திருந்தவன் விசுவாசத்தை என்று மட்டும் இல்லை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முதலில் எல்லாரும் கூட்டமாக வந்து ஜெபித்துவிட்டு இளநீரும் பழக்கூடையும் வைத்துவிட்டுப் போவார்கள். அன்பு அதில் இருந்தது, ஆனால் இளநீரும் வாழைப்பழமும் எங்களுக்கு ஆபத்து, பொட்டாசியம். அப்போதுதான் நான் ஐந்தாம் வார்த்தையை நினைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்டேன்: ஒருவர் சனிக்கிழமை என்னை வண்டியில் கூட்டிப்போனால் என் வீட்டுக்காரர் லீவு போட வேண்டாம், ஒருவர் காய்கறி சமைத்துக்கொடுத்தால் நல்லது. சந்தோஷமாகச் செய்தார்கள், அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் பழக்கூடை வந்துகொண்டிருந்திருக்கிறது. காய்கறியைத் தோல் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிக்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் எல்லாருக்கும் சோறும் குழம்பும் பரிமாறும்போது எனக்கென்று ஒரு சின்னத் தூக்குவாளியில் உப்பில்லாத குழம்பு தனியாக வரும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் என்ன கொண்டுவரலாம் என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கிற குறைந்த சோடியம் உப்பை நல்லெண்ணத்தில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், பலவற்றில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கும். நட்சத்திரப் பழம் அறவே கூடாது, கிட்னி நோயாளிகளுக்கு அது விஷம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்ந்திருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். ஆரம்பத்திலேயே அதை விசாரித்துக்கொள்ளுங்கள், நகையை விற்ற பிறகு அல்ல. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள்.

என் வார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டில் மேலப்பாளையத்து பாய், வயதானவர், கையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டே இருக்கும். எதிர்க் கட்டிலில் ஒரு அம்மா, மெஷின் ஓட ஆரம்பித்ததும் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு ரமலான் மாதத்தில் பாய், "டீச்சரம்மா, நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு மார்க்கத்துல தெளிவா இருக்கு, ஆனா நோன்பு வைக்க முடியலியேன்னு மனசு கேக்க மாட்டேங்குது" என்று கண்கலங்கினார். எனக்கு லெந்தில் இருந்த அதே சங்கடம். நான் என் உப்புக் கதையைச் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நானும் ஊறுகாயை விட்டுடறேன்" என்றார். நான்கு மணி நேரம் படுத்தே இருக்கிறோம், என்னை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் நேரம் நகராது. ஒவ்வொரு கட்டிலாகப் பெயர் சொல்லி ஜெபிப்பேன், சிஸ்டர்களுக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு அறையைப் பார்த்துக்கொள்கிற அண்ணனுக்கும் சேர்த்து. யாராவது ஒரு நாள் வராமல் அந்தக் கட்டில் காலியாக இருந்தால் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும், ஒருவரும் கேட்கமாட்டோம். அந்த மௌனத்திலும் ஜெபிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது மாற்றுக் கிட்னிக்குப் பதிவு செய்திருக்கிறேன். வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை, அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் ஆஸ்பத்திரி மூலமாகப் பெயர் கொடுத்தோம். இதற்காக எப்படி ஜெபிப்பது என்பதில் எனக்குப் பெரிய போராட்டம் இருந்தது. ஒரு கிட்னி கிடைக்க வேண்டும் என்று கேட்டால், எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் சாகவேண்டும் என்று கேட்பதாகாதா? பல மாதம் அந்த விண்ணப்பத்தையே வாயில் எடுக்கவில்லை. ஐயரிடம் கேட்டபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை, அடுத்த வாரம் வந்து, "யாருடைய சாவுக்காகவும் ஜெபிக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முடிவெடுக்கப்போகிற குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்றார். 2008-இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே பேசியது நினைவிருக்கும். அதன் பிறகுதான் எத்தனையோ குடும்பங்கள் முன்வந்தன. 2023-இலிருந்து உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. எனக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ, அப்படி ஒரு குடும்பத்துக்காக இப்போது தினமும் ஜெபிக்கிறேன், அவர்களுக்கு வரக்கூடிய துக்கத்தில் ஆண்டவர் அவர்களைத் தாங்க வேண்டும் என்று.

பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்: பல்லில் சொத்தை, சளி, காலில் புண் என்று எந்தத் தொற்று இருந்தாலும் உடனுக்குடன் வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள், அழைப்பு வருகிற நேரத்தில் உடம்பில் தொற்று இருந்தால் வாய்ப்பு கைநழுவும். டாக்டர் சொல்கிற பரிசோதனைகளைக் காலாவதியாக விடாதீர்கள். போன் நம்பர் மாறினால் ஆஸ்பத்திரியில் மாற்று அறுவைச் சிகிச்சையைக் கவனிக்கும் பிரிவில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், வீட்டில் இன்னும் இரண்டு பேர் நம்பரையும் கொடுத்து வையுங்கள், ராத்திரி போனை அணைக்காதீர்கள். ஆராதனைக்குப் போகும்போது என் போனை என் மகள் சத்தமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள், ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறோம்.